பெயர்ப் பட்டியல் வைத்திருந்தவர்கள்: ஹெலீன் சூறாவளியும் வட கரோலினாவின் மலைக் கைவினைஞர்களும்

சூறாவளி என்றால் நமக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் ஆஷ்வில் நகரத்துக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அப்பலாச்சியன் மலைகளுக்கு நடுவே, 2,000 அடிக்கு மேலான உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. பருவநிலை மாற்றத்துக்குத் தப்பிப் பிழைக்க நல்ல இடம் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் சிபாரிசு செய்த ஊர்களில் ஒன்றும்கூட.

2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் சூறாவளி புளோரிடாவில் பெர்ரி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கரையேறியது. ஐந்து வகைகளில் நான்காம் வகை, மணிக்கு 225 கிலோமீட்டர் காற்று. அது வந்து சேர்வதற்கு முன்பே வட கரோலினாவின் மேற்கு மலைகளில் மழை கொட்டத் தொடங்கி, மண் ஊறிக் கிடந்தது. அதன் மேல் 27-ஆம் தேதி காலை சூறாவளியின் மிச்சம் வந்து இறங்கியது. யான்சி கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) பியூசிக் என்ற இடத்தில் சில நாள்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. ஆஷ்வில்லில் ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 24.67 அடி உயரத்துக்கு ஏறியது. 1916 ஜூலை வெள்ளத்தை அந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளத்தின் 23.1 அடி என்ற அளவு அன்றைக்கு இரண்டாம் இடத்துக்குப் போனது. மலைச்சரிவுகளில் 2,000-க்கும் மேற்பட்ட மண்சரிவுகள். வட கரோலினாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாநிலப் போக்குவரத்துத் துறை ஒரே வரியில் அறிவித்துவிட்டது: மேற்கு வட கரோலினாவின் எல்லாச் சாலைகளும் மூடப்பட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள்.

இந்த ஆய்வு உயிர்ச்சேதத்தைப் பற்றியதோ மீட்புப் பணியைப் பற்றியதோ இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு, அங்கிருந்த குயவர், தறிக்காரர், கண்ணாடி ஊதுபவர், ஓவியர், அவர்களைச் சுற்றியிருந்த மலைக்கிராமத்தார் கைக்கு உதவி எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது, எங்கே தடுக்கி விழுந்தது என்பதுதான் விஷயம். வெளியூரிலிருந்து பணம் அனுப்ப நினைப்பவருக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஆற்றங்கரை வாடகை

ஆஷ்வில்லில் ஆற்றை ஒட்டி ஒரு பழைய தொழிற்சாலைப் பகுதி இருக்கிறது. ரயில் பாதை, பஞ்சாலை, தோல் பதனிடும் ஆலை, கிடங்குகள் என்று ஒரு காலத்தில் ஓடிக்கொண்டிருந்த இடம். தொழில்கள் போன பிறகு கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. 1980-களில் கலைஞர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்தார்கள். உயரமான கூரை, பெரிய ஜன்னல், சூளை வைத்தாலும் கேட்க ஆளில்லாத தரை, எல்லாவற்றுக்கும் மேலாகக் குறைந்த வாடகை. நாளடைவில் அதற்கு ரிவர் ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர் நிலைத்தது. சூறாவளிக்கு முன் அங்கே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கி, செய்தவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு போவார்கள்.

வாடகை ஏன் குறைவாக இருந்தது? ஆறு பக்கத்தில் இருந்ததால்தான். 1916-இல் மூழ்கிய நிலம் அது. 2004 செப்டம்பரில் ஃபிரான்சஸ், ஐவன் என்ற இரண்டு சூறாவளிகளின் மிச்சமும் அடுத்தடுத்து வந்தபோது மறுபடி மூழ்கியது. பணம் உள்ள தொழில் அங்கே வராது, அதனால் கலைஞர்களுக்கு இடம் கிடைத்தது. வாடகையில் மிச்சமான பணத்துக்கு ஆறு எப்போதாவது ஒருநாள் வந்து கணக்குத் தீர்க்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இத்தனை பெரிய கணக்கு என்று மட்டும் யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பகுதியின் கட்டடங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் அழிந்தன அல்லது சேதமடைந்தன. மேட்டுப்பக்கம் இருந்த சில கட்டடங்கள் மட்டும் தப்பின.

ஆஷ்வில்லை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். ஆற்றோடு கீழே போனால் மாடிசன் கவுண்டியின் தலைநகரான மார்ஷல் வரும். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒற்றைத் தெருவாக நீண்ட ஊர். ஆற்றின் நடுத்தீவில் இருக்கும் பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தைத்தான் அங்கே கலைஞர்கள் ஸ்டூடியோக்களாக மாற்றிவைத்திருந்தார்கள். வடகிழக்கே போனால் மிட்செல், யான்சி கவுண்டிகள். அங்கே பென்லாண்ட் கைவினைப் பள்ளி 1929-இலிருந்து இருக்கிறது. லூசி மார்கன் என்ற ஆசிரியை, மலைப் பெண்கள் வீட்டிலிருந்தே நெய்து சம்பாதிக்கட்டும் என்று தொடங்கிய சிறு முயற்சி வளர்ந்துதான் அந்தப் பள்ளியானது. படிக்க வந்தவர்கள் பலர் ஊர் திரும்பாமல் பக்கத்து மலைகளிலேயே கொட்டகை போட்டுத் தங்கிவிட்டார்கள். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு சூளை, ஒரு உலை. 2024 இலையுதிர்கால வகுப்புகளைப் பள்ளி ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

நேரமும் மோசமான நேரம். அக்டோபர்தான் அந்த மலைகளின் அறுவடை மாதம். இலை நிறம் மாறுவதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு அந்த நாலைந்து வாரங்களிலும் அதைத் தொடரும் கிறிஸ்துமஸ் விற்பனையிலும்தான். அதற்காகக் கோடை முழுக்கச் செய்து அடுக்கிவைத்த சரக்கு, செப்டம்பர் 27 அன்று அலமாரி நிறைய இருந்தது. அதாவது கையிருப்பு வருடத்திலேயே உச்சத்தில் இருந்த வாரத்தில் வெள்ளம் வந்தது.

ஒரு பானையும் ஒரு சூளையும்

நனைந்த ஸ்டூடியோவில் எது பிழைக்கும், எது பிழைக்காது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் உதவி என்ன வடிவத்தில் தேவைப்பட்டது என்று புரியும்.

சுட்டு மெருகேற்றிய பானை சேற்றில் புதைந்தாலும் ஒன்றும் ஆகாது. தோண்டியெடுத்துக் கழுவினால் மெருகு அப்படியே பளிச்சென்று வரும். ஆனால் கழுவத் தண்ணீர் வேண்டும். ஆஷ்வில்லின் குடிநீர் அமைப்பு உடைந்து, நவம்பர் 18 வரை, 53 நாள்கள், குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வரவில்லை. வெள்ளச் சேறும் வெறும் மண் இல்லை. சாக்கடை, எரிபொருள், ஆலைகளின் ரசாயனம் எல்லாம் கலந்த சேறு. முழங்கால் பூட்ஸ், கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் தோண்ட முடிந்தது.

சுடாத பானை மறுபடி களிமண்ணாகிவிடும். மின்சூளை இன்னும் பாவம். அதன் உட்சுவர்ச் செங்கல் நம்மூர்ச் செங்கல் மாதிரி கனமானது இல்லை. வெப்பத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்பதற்காக நுண்துளைகளோடு செய்த இலேசான செங்கல், பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி, ரிலே, வயர் எல்லாம் போய்விட்டிருக்கும். அதைப் பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா என்று முடிவெடுப்பதற்கே மின்சாரம் வந்தாக வேண்டும். தறியின் மரம் உப்பி வளையும், விழுதுக் கம்பிகள் துருப்பிடிக்கும், பாதி நெய்த பாவு பூஞ்சை பிடிக்கும். காகிதத்திலும் கேன்வாஸிலும் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வந்துவிடும். உடனே உலர்த்த முடியாத புகைப்படத்தையும் தாளையும் உறையவைத்துவிட்டு, பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் வழி. மின்சாரம் இல்லாத ஊரில் எந்தப் பெட்டியில் உறையவைப்பது?

ஆக, முதல் வாரத்தில் ஒரு குயவருக்குத் தேவைப்பட்டது புதிய சூளை இல்லை. ஜெனரேட்டருக்கு எண்ணெய், தண்ணீர்த் தொட்டி, ஒரு லாரி, சரக்கை உலர்ந்த இடத்தில் அடுக்க ஒரு கொட்டகை, அந்த மாத வீட்டு வாடகை. இவற்றையெல்லாம் ‘கலைக்கான உதவி' என்று எந்த மானியப் படிவத்திலும் எழுத முடியாது. எழுதவே தேவையில்லாத பணம்தான் அப்போது பயன்பட்டது.

அரசாங்கக் கதவுகள்

காப்பீடு இல்லையா என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது, வெள்ளக் காப்பீடு தனி. அதிகம் அடிபட்ட மலைக் கவுண்டிகளில் அதை வைத்திருந்த வீடுகள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஸ்டூடியோவில் வாடகைக்கு இருப்பவருக்கு இன்னும் சிக்கல். கட்டடம் உரிமையாளருடையது, கேலரியில் தொங்கிய ஓவியம் கலைஞருடையது. விற்றால்தான் பணம் என்ற ஏற்பாட்டில் கொடுத்த சரக்கு அது. மூழ்கினால் யார் கணக்கில் சேரும் என்று பல ஒப்பந்தங்களில் தெளிவாக எழுதப்படவில்லை.

மத்தியப் பேரிடர் முகமையான ஃபீமா, வீட்டுக்கும் அத்தியாவசியத் தேவைக்கும் உதவும். முதலில் கொடுத்த 750 டாலர்தான் மொத்த உதவியுமே என்று ஒரு வதந்தி காட்டுத்தீயாகப் பரவி, பலரை விண்ணப்பிக்கவே விடாமல் செய்தது. அது முதல் கட்ட அவசரத் தொகை மட்டுமே. 2024 மார்ச் முதல், சுயதொழில் செய்பவரின் கருவிகளுக்கும் அந்த முகமை உதவலாம் என்ற விதி வந்திருந்தது. சக்கரத்தையும் தறியையும் அதில் காட்டலாம். ஆனால் விற்பனைக்கு வைத்திருந்த நூறு பானைகள் அதில் வராது.

அடுத்த கதவு, மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகம் என்ற முகமை தரும் பேரிடர்க் கடன். அக்டோபர் நடுவில் அதன் நிதியே தீர்ந்துபோனது. டிசம்பர் 21 அன்று புதிய ஒதுக்கீட்டுச் சட்டம் கையெழுத்தாகும் வரை விண்ணப்பம் வாங்கினார்கள், பணம் கொடுக்க முடியவில்லை. பணம் இருந்தாலும் அது கடன்தான். அக்டோபர் சம்பாத்தியம் முழுக்கப் போனவர் மேல் இன்னொரு கடனை ஏற்றுவது எவ்வளவு தூரம் உதவி என்பது வேறு கேள்வி.

எனக்கு அதிகம் உறுத்திய விஷயம் வரிச்சட்டத்தில் இருக்கிறது. ஓவியர் ஒருவரின் 5,000 டாலர் ஓவியம் வெள்ளத்தில் போனால், அவர் இழப்பாகக் காட்டக்கூடியது கேன்வாஸும் வண்ணமும் வாங்கிய செலவை மட்டுமே. அந்தச் செலவை ஏற்கெனவே கணக்கில் கழித்திருந்தால் அதுவும் இல்லை. மூன்று மாத உழைப்பின் மதிப்பு சட்டத்தின் கண்ணில் பூஜ்யம். அதே ஓவியத்தை முந்தின வாரம் விலை கொடுத்து வாங்கியவர் வீட்டில் போயிருந்தால் கணக்கு வேறு.

பட்டியல் எங்கிருந்து வந்தது

சரி, பணம் யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்? ஏற்கெனவே பெயரும் தொலைபேசி எண்ணும் வைத்திருந்தவர்கள்.

இதற்கு ஒரு நீண்ட பின்கதை உண்டு. 1890-களில் மாடிசன் கவுண்டிக்கு வந்த ஃபிரான்சஸ் குட்ரிச் என்ற பிரெஸ்பிடீரியன் கிறிஸ்தவச் சபை ஊழியர், மலைவீடுகளில் பெண்கள் நெய்த போர்வைகளைப் பார்த்துவிட்டு அவற்றை வெளியூரில் விற்க ஏற்பாடு செய்தார். ஆலன்ஸ்டாண்ட் என்ற பெயரில் கடையும் வந்தது. 1930-இல் சதர்ன் ஹைலாண்ட் கைவினைச் சங்கம் உருவானது. கடையை அந்தச் சங்கத்திடமே குட்ரிச் ஒப்படைத்தார். அங்குள்ள பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் 1946-இல் தங்களுக்கென்று குவாலா கைவினைக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1996-இல் தொடங்கிய சென்டர் ஃபார் கிராஃப்ட் என்ற கைவினை அமைப்பு பிறகு ஆஷ்வில்லுக்கு வந்தது. பர்ன்ஸ்வில், ஸ்புரூஸ் பைன் ஊர்களில் டோ ரிவர் ஆர்ட்ஸ் என்ற அமைப்பு மலைக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டூடியோக்களுக்கு வரைபடம் போட்டு, வாங்க வருவோரை அழைத்துக்கொண்டு போகும் சுற்றுலா நடத்திவந்தது. அந்த வரைபடத்தை யோசித்துப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு எந்த வளைவில் எந்தக் குயவர் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆவணம் வேறு ஏது? விற்பனைக்காகச் சேர்த்துவைத்த முகவரிகள்தான் தேடிப்போகவும் வழி காட்டக்கூடியவை.

சென்டர் ஃபார் கிராஃப்ட் கோவிட் காலத்தில் கைவினைஞர்களுக்கு உதவ ஒரு நிதி நடத்திய அனுபவத்தோடு இருந்தது. அதே வழியில் மேற்கு வட கரோலினாவுக்கென ஒரு நிதியைத் திறந்தது. ஆஷ்வில் இருக்கும் பங்கம் (Buncombe) கவுண்டியின் கலை அமைப்பான ஆர்ட்ஸ்ஏவிஎல், கைவினை என்று நிற்காமல் இசைக்காரர், நாடகக்காரர் வரை சிறு தொகைகள் கொடுத்தது. வெர்மான்ட் மாநிலத்திலிருந்து இயங்கும் செர்ஃப் பிளஸ் நாடு முழுக்கக் கைவினைஞர்களுக்கு 3,000 டாலர் வரை அவசர மானியம் தரும் அமைப்பு. அதன் பிறப்பே சுவையானது. கைவினைச் சந்தைகளில், யாருடைய ஸ்டூடியோவாவது எரிந்துபோனால், மற்றக் கடைக்காரர்கள் தொப்பியை நீட்டி வசூல் செய்து கொடுப்பார்கள். கண்ணாடிக் கலைஞர் ஜாஷ் சிம்சனும் கைவினைச் சந்தை அமைப்பாளர் கேரல் செடஸ்ட்ராம் ராஸும் அந்தத் தொப்பியைத்தான் 1985-இல் ஒரு நிதியாக்கினார்கள்.

மூவாயிரம் டாலர் பெரிய தொகை இல்லை. ஒரு நல்ல மின்சூளைக்கே போதாது. ஆனால் அது கடன் இல்லை. விண்ணப்பத்தைப் படிப்பவர்களும் தொழில் தெரிந்தவர்கள். ‘இன்வென்டரி' (கையிருப்புச் சரக்கு) என்றால் என்ன, மரம் எரிக்கும் சூளை கட்ட எத்தனை வருடம் ஆகும் என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

விண்ணப்பம் என்று சொன்னதும் இன்னொரு சிக்கல். மின்சாரமும் செல்பேசிச் சமிக்ஞையும் இல்லாத வாரத்தில் இணையப் படிவம் எப்படி நிரப்புவது? ஆஷ்வில்லில் நூலகங்களுக்கு வெளியே, காரிலும் நடைபாதையிலும் உட்கார்ந்து வைஃபை பிடித்தார்கள். மலைக்குள் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. படிவம் ஒரு பக்கமாக இருந்தால் கடன் வாங்கிய போனில் ஐந்து நிமிடத்தில் முடியும். மூன்று வருட வரிக்கணக்கு இணைக்கச் சொன்னால், அந்தக் காகிதங்கள்தான் சேற்றில் கிடக்கின்றனவே. உள்ளூரில் தெரிந்த ஒருவர் ‘ஆமாம், இவர் இங்கே இருபது வருடமாகப் பானை செய்கிறார்' என்று சொன்னால் அதைவிடப் பெரிய சான்று எதற்கு?

தனிநபர் நிதி திரட்டும் தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்களை வைத்திருந்தவருக்கு அங்கே பணம் வரும். கூடை முடையும் எழுபது வயதுப் பாட்டிக்கு வராது. பரிதாபப்பட்டுக் கொடுப்பதற்கும் முகம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியை அடைப்பதுதான் நடுவில் இருக்கும் அமைப்பின் வேலை.

கழுதையும் பாலமும்

கலைஞர்களையும் கிராமத்தையும் தனித்தனியாகப் பிரிப்பது அங்கே அர்த்தமற்றது. மலையில் இருக்கும் குயவர் ஒரே நேரத்தில் அண்டை வீட்டுக்காரரும் தன்னார்வத் தீயணைப்பு வீரரும்கூட. சாலை அறுந்த இடங்களுக்குக் கோவேறு கழுதைகள் மேல் மருந்தும் உணவும் போயின. கிராமங்களில் தீயணைப்பு நிலையங்கள்தான் சமையற்கூடமும் கிடங்கும் தகவல் மையமுமாக இருந்தன. மாடிசன் கவுண்டியில் ரூரல் ஆர்கனைசிங் அண்ட் ரெசிலியன்ஸ் என்ற பரஸ்பர உதவிக் குழு வேலை செய்தது. ஆஷ்வில்லில் பிலவ்ட் ஆஷ்வில் என்ற சிறு அமைப்பு, அதற்கு முன் ஏழைகளுக்குச் சிறு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது, ஒரே வாரத்தில் பெரிய விநியோக மையமாக மாறியது.

உதவ வேண்டியவர்களே பாதிக்கப்பட்டார்கள் என்பதை வெளியூர் நன்கொடையாளர்கள் மறந்துவிடுகிறார்கள். மன்னா உணவு வங்கி 16 கவுண்டிகளுக்கு உணவு அனுப்பும் அமைப்பு. அதன் கிடங்கு ஸ்வானனோவா ஆற்றங்கரையில் இருந்தது. முழுக்க அழிந்தது. ஆனாலும் சில நாள்களுக்குள் வேறு இடத்திலிருந்து விநியோகம் தொடங்கிவிட்டார்கள். கலை அமைப்புகளிலும் அதே நிலைதான். விண்ணப்பங்களைப் படித்து ஒப்புதல் கொடுத்தவர்கள் வீட்டிலும் குழாயில் தண்ணீர் வரவில்லை.

கிராமங்களில் நீண்ட நாள் நின்ற பிரச்சினை பாலம். அந்த மலைகளில் சாலையிலிருந்து வீட்டுக்குப் போக ஓடையைத் தாண்ட வேண்டும். அந்தச் சிறு பாலங்களும் மண்பாதைகளும் பெரும்பாலும் தனியார் சொத்து. அரசு பராமரிக்காது, ஃபீமா ஒவ்வொரு வீட்டாரிடமும் தனித்தனியாக விண்ணப்பம் கேட்கும். ஐந்து வீடுகளுக்கு ஒரே பாலம் என்றால் ஐந்து கோப்பு. பாலம் இல்லாமல் கட்டுமானச் சாமான் போகாது, ஆம்புலன்ஸ் போகாது, நூறு கிலோ சூளையும் போகாது. 1950-இலிருந்து பேரிடர் மறுகட்டுமானம் செய்துவரும் மெனனைட் டிசாஸ்டர் சர்வீஸ் போன்ற தேவாலய அமைப்புகள் பாலம் கட்டும் வேலையை எடுத்துக்கொண்டன. 2025 மார்ச்சில் மாநிலச் சட்டமன்றம் ஒதுக்கிய நிவாரணத்தில் தனியார் சாலை, பாலங்களுக்கென 10 கோடி டாலர் இருந்தது.

இந்த இடத்தில் அதிகம் பேசப்படாத ஒரு ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் பேரிடருக்குப் பிறகு கவுண்டிதோறும் ‘நீண்டகால மீட்புக் குழு' ஒன்று அமைப்பார்கள். தேவாலயங்கள், தொண்டு அமைப்புகள், நிதி தருபவர்கள் சேர்ந்தது. ஒரு குடும்பத்தின் கோப்பைக் கையில் எடுக்கும் பணியாளர், அரசு கொடுத்தது, காப்பீடு கொடுத்தது எல்லாவற்றையும் கழித்து, மிச்சம் என்ன குறைகிறது என்று கணக்குப் போடுவார். பிறகு அதை ஒரு மேஜையில் வைப்பார்கள். ‘கூரைத் தகடு நான் தருகிறேன்', ‘ஆள் நாங்கள் அனுப்புகிறோம்', ‘எலக்ட்ரீஷியன் செலவு எங்களுடையது' என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். கோப்பு மூடப்படும். கல்யாண வீட்டில் சீர் பிரித்துக்கொள்வது மாதிரிதான். அந்தப் பணியாளரின் சம்பளத்தைக் கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. ‘நிர்வாகச் செலவு' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறோம். அவர் இல்லையென்றால் கூரைத் தகடு ஒருபக்கமும் வீடு இன்னொரு பக்கமுமாக நிற்கும்.

பணம் வந்த வேகமும் நின்ற வேகமும்

பெரிய தொகைகள் மேற்கு வட கரோலினா சமூக அறக்கட்டளை வழியாக நடந்தன. 1978-இலிருந்து இருக்கும் அமைப்பு, 18 கவுண்டிகளில் யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தது. வெளியிலிருந்து வந்த பணத்தை அது சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒரு தேவாலயமோ தீயணைப்பு நிலையமோ நியூயார்க்கிலிருக்கும் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதப் போவதில்லை. மவுன்டன் பிஸ்வொர்க்ஸ் என்ற உள்ளூர்க் கடன் அமைப்பு, சிறுதொழில்களுக்குக் குறைந்த வட்டியில், தொடக்க மாதங்களில் தவணை இல்லாத கடன் கொடுத்தது. மத்தியக் கடன் கதவு மூடியிருந்த வாரங்களில் அதுதான் பலருக்குப் பிடிமானம்.

பொருளாக அனுப்பியதில் பாதி வீண் என்பது என் எண்ணம். பேரிடர்த் துறையில் பழைய துணிக் குவியலுக்கு ‘இரண்டாம் பேரிடர்' என்றே பெயர். பிரிக்க ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும், கடைசியில் குப்பைக்குப் போகும். அதற்கு நேர்மாறாக, பேசப்படாமல் நடந்த நல்ல உதவி ஒன்று உண்டு: வாங்குவது. தப்பிய சரக்கை மாநிலத்தின் பிற நகரங்களில் தற்காலிகக் கடைகளிலும் இணையத்திலும் விற்க இடம் கொடுத்தார்கள். கைவினைஞருக்கு மானியப் பணத்தைவிட விற்ற பணம் மனத்துக்கு நெருக்கம். சேற்றிலிருந்து தோண்டிய பானையை ஒருவர் பணம் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போகிறார் என்றால், தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். இந்த வட்டாரத்தில் கைவினைத் தொழிலின் பொருளாதார மதிப்பு ஆண்டுக்கு 20 கோடி டாலருக்கு மேல் என்று 2008 வாக்கில் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

எல்லாப் பேரிடரிலும் நன்கொடை முதல் சில வாரங்களில் குவிந்து, கேமரா நகர்ந்ததும் வற்றிவிடும். ஹெலீனுக்கு இரண்டே வாரத்தில் மில்டன் சூறாவளி புளோரிடாவுக்கு வந்தது, தேர்தல் வந்தது, ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீ வந்தது. 2025 மே மாதம் தேசியக் கலை நிதியம் நாடு முழுக்கப் பல அமைப்புகளுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மானியங்களை ரத்து செய்தது. ஸ்டூடியோவை மறுபடி எழுப்பும் நேரம், அதாவது பணம் அதிகம் தேவைப்படும் நேரம், இரண்டாம் வருடம். 2005-இல் வந்த கத்ரினா சூறாவளிக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் கலைஞர்களுக்கு உதவத் தொடங்கிய ஜோன் மிட்செல் அறக்கட்டளை, அந்த ஊரை விட்டுப் போகாமல், பத்து வருடம் கழித்து 2015-இல் அங்கேயே கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் மையம் ஒன்றைக் கட்டி முடித்தது. அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது. நூறு டாலர் கொடுப்பவர்கூட, அதை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, பாதியை அடுத்த வருடம் அதே தேதியில் அனுப்பலாம். எந்தச் செலவுக்கு என்று நிபந்தனை போடாமல் அனுப்பினால் இன்னும் நல்லது.

மறுபடி ஆற்றங்கரை

ரிவர் ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்டில் மேட்டுப்பக்கம் இருந்த ஸ்டூடியோக்கள் முதலில் திறந்தன. 2025-இல் கீழ்ப்பக்கத்திலும் சில கட்டடங்கள் சுத்தமாகி, கலைஞர்கள் திரும்பத் தொடங்கினார்கள். சிலர் நகரத்தின் வேறு பகுதிக்குப் போய்விட்டார்கள், சிலர் ஊரையே விட்டுவிட்டார்கள். ஆஷ்வில் நகரத்துக்கு மத்திய அரசு மறுகட்டுமானத்துக்கென 22.5 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. அதில் வீட்டுவசதி, சாலை, ஆற்றங்கரை என்று எல்லோரும் பங்கு கேட்கிறார்கள்.

இங்கேதான் முடிச்சு. வெள்ளச் சமவெளியில் இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் செலவு அதன் மதிப்பில் பாதியைத் தாண்டினால், இன்றைய வெள்ள விதிகளுக்கு ஏற்ப அதைத் தூக்கிக் கட்டவோ நீர் புகாதபடி மாற்றவோ வேண்டும். நியாயமான விதி. அடுத்த வெள்ளத்தில் மின்பெட்டி தரையில் இருக்கக் கூடாது. ஆனால் அந்தச் செலவைப் போட்ட உரிமையாளர் பழைய வாடகைக்கு விட மாட்டார். நாற்பது வருடமாக அந்த இடத்தைக் கலைஞர்களுக்குத் திறந்துவைத்திருந்த காரணமே மலிவான வாடகைதான். ஆறு அதைப் பாதி எடுத்துப்போனது, மிச்சத்தைக் கட்டுமானச் செலவு எடுத்துக்கொள்ளலாம். ஸ்டூடியோவை மீட்க இத்தனை நிதிகள் இருக்கின்றன. மேட்டில் ஒரு கட்டடத்தை வாங்கி, வாடகையைக் கட்டுக்குள் வைத்துக் கலைஞர்களுக்கு விட ஓர் அமைப்பு பணம் கேட்டால், அதற்கு யார் செக் எழுதுவார்கள் என்பதுதான் அந்த ஊரில் இப்போது முன்னால் நிற்கும் கேள்வி.